லேபிளில் இடமில்லை

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. பயம் ஒன்றும் கிடையாது. ஒரு கதையிலிருந்து ஆட்களை எடுத்துவிட்டு, அதை முன்னைவிட அழகாகச் சொல்வது அவருடைய வித்தை. அவர் கதைக்கும் அதே மரியாதையைச் செய்கிறேன், அவ்வளவுதான்.

மில்பிடாஸுக்குக் குடிவந்த புதிதில் ஓர் இந்தியக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். குளிர்பெட்டியில் மாம்பழச் சாறுக்கும் கோலி சோடாவுக்கும் நடுவில் குளிரி நின்றிருந்தது. நியூ ஜெர்சியில் என் கண்ணெதிரே பிறந்த ரூட் பியர், நாட்டின் மறுகரை வரைக்கும் வந்துவிட்டது. லேபிளில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரின் படம். கீழே ஆங்கிலத்தில், மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் ரகசியம் என்று இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும் ஒரு பாட்டில் வாங்கி, காரில் உட்கார்ந்தே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ரூட் பியர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெயரில்தான் பியர். போதை கிடையாது, குழந்தைகள் குடிப்பது. வேர்களையும் பட்டைகளையும் ஊறவைத்து இந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் செய்துவந்த இனிப்பு பானம், இப்போது பெரும்பாலும் எசென்ஸும் சோடாவும்தான்.

பெயர் சொல்லமாட்டேன் என்றேனே, அவர் வீடு விற்றுக் கொடுக்கும் ரியல்டர். நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ, எடிசன் பக்கம் வீடு வாங்கிய தமிழர்களில் பாதிப் பேர் அவர் கையால்தான் சாவி வாங்கியிருப்பார்கள். குள்ளமான ஆள். மடிப்புக் கலையாத சட்டை, எந்தக் காலத்திலும் அதற்கு மேல் கையில்லாத ஒரு ஃபிளீஸ் ஜாக்கெட். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அமெரிக்கா வந்து எத்தனையோ வருஷமாகி, குடியுரிமையும் வாங்கி, பேரப்பிள்ளையும் பார்த்துவிட்டார். அந்த 'ங்க' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பெண்களை 'அம்மிணி' என்பார், ஆண்களை 'தம்பி' என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

வீடு காட்டப் போனால் சமையலறையில் கால் வைக்கும்போதே அந்த வீட்டின் வரலாறு தொடங்கிவிடும். எங்களுக்கு ஒரு வீடு காட்டினார். இங்கே இருந்தவர்களின் பெண்ணுக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தது, அப்படி ஒரு ராசியான வீடு என்றார். நானும் என் கணவரும் மயங்கி, பேனாவைத் தேடும் நிலைக்கே வந்துவிட்டோம். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி, அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் விவாகரத்தாகி, நாயைக்கூட யாருக்கு என்று கோர்ட்டில் அடித்துக்கொண்டதைச் சொன்னாள். நான் அவரிடம் போய்க் கேட்டேன். அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "ஆமாங்க அம்மிணி. ஆனா அந்தப் பொண்ணு மெடிக்கல் காலேஜ் போனது நெசந்தானுங்களே?"

நிஜம்தான். அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. பொய் சொல்கிறவன் இல்லாததைச் சேர்ப்பான். இவர் இருப்பதை எடுப்பார். தனக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்துவிட்டு, மீதியைக் கீரை ஆய்வதுபோலக் கிள்ளிப் போட்டுவிடுவார்.

குளிரியைச் செய்தவன் பாண்டி. எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்வீடு. விருதுநகர்ப் பக்கத்துக்காரன். வேதியியல் படித்துவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவான். மனைவி சுமதி, பள்ளிக்கூடம் போகும் மகள் நிலா. எச்-ஒன்-பி விசாவில் வந்து, கிரீன் கார்டு வரிசையில் தலை நரைக்க நின்றுகொண்டிருந்த லட்சம் பேரில் அவனும் ஒருவன்.

ஆபீஸ் விருந்து ஒன்றில் முதல்முறையாக ரூட் பியரைக் குடித்தவன், மூட்டுவலித் தைலத்தை விழுங்கினாற்போல இருந்தது என்று வந்து சொன்னான். நம் ஆட்கள் எல்லோரும் முதல் தடவை அப்படித்தான் சொல்வோம், அதோடு விட்டுவிடுவோம். இவன் விடவில்லை. தைலத்துக்கு வாசனை தருகிற அதே சமாச்சாரம்தான் இதிலும் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் குறைத்துவிட்டு நன்னாரியைப் போட்டுப் பார்த்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் நன்னாரி வேரும் கருப்பட்டியும் வரும். அவன் வீட்டு பால்கனி முழுக்க ஜாடிகள். சுமதி திட்டிக்கொண்டே வேரை இடித்துக் கொடுப்பாள். பாண்டி தன் அம்மாவிடம் போனில் உளறிவைத்து, மகன் அமெரிக்காவில் பியர் காய்ச்சுகிறான் என்று அந்த அம்மா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்ததாகக்கூட ஒரு கதை உண்டு.

நிலாவின் பிறந்தநாளை அபார்ட்மெண்ட் கிளப்ஹவுசில் கொண்டாடினார்கள். அங்கேதான் அவர் அதை முதலில் குடித்தார். ஒரு வாய் குடித்ததும் பேச்சை நிறுத்தினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். பாண்டி வெட்கப்பட்டுக்கொண்டு முன்னால் வந்தான். அவர் அவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். கேக் வெட்டும்போது இருவரும் அங்கே இல்லை.

எச்-ஒன்-பியில் இருப்பவன், விசா எடுத்துக் கொடுத்த கம்பெனிக்கு மட்டும்தான் உழைக்கலாம். தன் சொந்த இட்லிக் கடையில்கூட நின்று மாவு ஊற்றக் கூடாது. சுமதிக்கோ எந்த வேலைக்கும் அனுமதியே இல்லை. இதற்கு நம்மவர்களிடம் பழகிப்போன ஒரு வழி உண்டு. பேப்பர் சரியாக உள்ள ஓர் அண்ணன் பெயரில் தொழிலைத் தொடங்குவது, கிரீன் கார்டு வந்ததும் மாற்றிக்கொள்வது. அப்படித்தான் குளிரி அவர் பெயரில் பதிவானது. எடிசனில் ஒரு வாடகைச் சமையற்கூடம் பிடித்தார்கள். சனி ஞாயிறுகளில் பாண்டி போய்ச் சாற்றை இறக்கிக் கொடுப்பான், ஆட்கள் அதில் சோடா ஏற்றி பாட்டிலில் அடைப்பார்கள். பொழுதுபோக்காகச் செய்கிறேன், சம்பளம் வாங்கவில்லையே என்பது பாண்டியின் வக்காலத்து. அது தனக்கே சொல்லிக்கொண்டது.

பயம் அவனைப் பிடித்து ஆட்டியது. விசா புதுப்பிக்கும்போது யாராவது இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தால்? கம்பெனி இணையதளத்தில் நாலு பேரும் நிற்கிற ஒரு படம் இருந்தது. அவர், பாண்டி, சுமதி, முதல் லேபிளுக்கு ஆங்கிலம் எழுதிக் கொடுத்த நான். பாண்டியே போய், தன்னையும் சுமதியையும் அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னான். உன்ர பேர் இல்லாம எப்படிங்க தம்பி என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் சொல்கிறேன். வேண்டாம்ணே, எங்க பேரு எங்கயுமே வரக் கூடாதுண்ணே என்று பாண்டிதான் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு எந்த ஊர்க்காரனும் செய்யமாட்டான். நம்மவன் செய்வான். விசாவுக்காகப் பெற்ற தகப்பன் சாவுக்கே போகாமல் இருந்தவர்கள் நாங்கள். இது எந்த மூலைக்கு?

அதன் பிறகு அவர் குளிரியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். பாட்டிலைக் கழுத்தில் பிடித்துக்கொள்வார். இன்னொரு கை நெஞ்சில் இருக்கும். முதலில் கோயில் கேண்டீன் கமிட்டியிடம் சொன்னார், பியர் என்ற பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தியவர்கள் அவர்கள். நண்பர்கள் நாலு பேர் ஒரு பிறந்தநாள் விழாவில் தற்செயலாகக் கண்டுபிடித்தோம் என்றார். அந்த வாரமே கேண்டீனில் புளியோதரைக்குப் பக்கத்தில் குளிரி வந்துவிட்டது. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் சொன்னபோது மூன்று பேர் ஆகிவிட்டோம். காணாமல் போனது நான். சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்தார்.

"வரலாறுன்னா சுருக்கமா இருக்கணுமுங்க அம்மிணி. எல்லாரையும் போட லேபிள்ல எடம் இல்ல."

இதை அவர் வாயால் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். யாரைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். அடுத்த தீபாவளிக்கு நானும் ஒரு நண்பரும் என்று ஆனது. உள்ளூர் வானொலிப் பேட்டியில் அந்த நண்பரும் இல்லை. ஒரு நாள் சமையலறையில் தனியாக நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது என்றார். அவர் தன் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கூடக் குடித்தவரில்லை.

அவர் மனைவி ரொம்ப சாது. ஒருமுறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புதிதாக வந்திருந்த ஒருவர், குளிரியை முதலில் எங்கே குடித்தீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டார். அம்மா யோசிக்காமல், பாண்டி பொண்ணோட பர்த்டேல என்று தொடங்கிவிட்டார். அவர் மனைவியின் கைமேல் தன் கையை மெதுவாக வைத்தார். "அது வேற ஜூஸும்மா." அவ்வளவுதான். கோபமில்லை, முறைப்பில்லை. அந்த அம்மா கணவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஆமாம், அது வேற என்றார்.

மோசமான ஆள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அப்படி இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பனியில் காரோட்டிக்கொண்டு தினமும் வந்தவர் அவர் ஒருவர்தான். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைத் தவறவிட்டு யார் போன் செய்தாலும் கிளம்பிவிடுவார். ஆனால் அதையும் ஒரு நாள் சொல்வார். சொல்லும்போது அந்த ஆஸ்பத்திரியில் அவரும் என் கணவரும் மட்டும்தான் இருப்பார்கள். நான் இருக்கமாட்டேன்.

தனி ஆளின் யோசனை என்பது கொஞ்ச நாளில் அவருக்கே சப்பென்று ஆகிவிட்டது. பக்கத்து மாநிலங்களுக்கெல்லாம் சரக்குப் போடுகிற ஒரு பெரிய டிஸ்ட்ரிபியூட்டர், பாரம்பரியம் ஏதாவது உண்டா என்று கேட்டாராம். உடனே தாத்தா வந்துவிட்டார். அவர் சேர்த்தது அந்த ஒரே ஒரு ஆளைத்தான். வெள்ளைக்கார துரைகளுக்கே நன்னாரி சர்பத் ஊற்றிய தாத்தா. என் கணவரும் ஈரோட்டுக்காரர்தான். அந்தத் தாத்தா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர் என்றும், சர்க்கரை வியாதிக்காரர், டீயில்கூட இனிப்புப் போடாதவர் என்றும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தாத்தாவுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அவர் வீட்டில் இருந்த படத்தில் நிஜத் தாத்தா கோட்டும் கண்ணாடியுமாக இன்கம்டாக்ஸ் அதிகாரிபோல இருந்தார். லேபிளுக்கு ஆகாது. சுமதியின் போனில் பாண்டியுடைய தாத்தாவின் படம் ஒன்று இருந்தது, தலைப்பாகையோடு, பனையடியில் நிற்பது. பழைய முகம் ஒண்ணு வேணும் அம்மிணி, இப்போதைக்கு மட்டும் என்று கேட்டார். அவள் அனுப்பிவிட்டாள். அண்ணன் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? பாண்டிக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. நம்ம பேருதான் போட முடியாது, தாத்தாவாவது இருந்துட்டுப் போகட்டும் என்றான். நிலா அந்த பாட்டிலைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், திஸ் இஸ் மை கிரேட் கிராண்ட்பா என்று சொன்னாளாம். டீச்சர் லேபிளில் அவருடைய பெயரைப் படித்துவிட்டு, இல்லையே கண்ணே, இது வேறு குடும்பம் என்றாளாம்.

இந்த நிலையில்தான் பாண்டியின் கம்பெனி அவன் வேலை பார்த்த ஆய்வகத்தை மூடியது. வேலை போனால் எச்-ஒன்-பிக்காரனுக்கு இரண்டு மாத அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி அவனுக்காக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். பாண்டி எங்கெங்கோ எழுதிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. வக்கீல்தான் வழி சொன்னார். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, வேதியியல் படித்தவனுக்கு ஏற்ற வேலை என்று காட்ட முடிந்தால் போதும். பானம் தயாரிக்கும் கம்பெனி என்றால் இன்னும் பொருத்தம். கேட்டதும் சுமதி அழுதுவிட்டாள். அவ்வளவு நிம்மதி.

என்னையும் கூட வரச் சொன்னார்கள். மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். எவர்சில்வர் டம்ளர்களில் ஐஸ் போட்டு அவரே குளிரியை ஊற்றிக் கொடுத்தார். பாண்டி கேட்பதற்குள் பத்துத் தடவை தொண்டையைச் செருமினான். கடைசியில் சுமதிதான் கேட்டாள். உங்க கம்பெனி பேர்ல நீங்க விசா ஃபைல் பண்ணினா போதும்ணே, சம்பளம்கூட வேணாம்ணே என்றாள். சம்பளம் கொடுக்காமல் ஃபைல் பண்ண முடியாது என்பதுகூட அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கிக்கூட இருந்தது. பிறகு சொன்னார்.

"நான் ஃபைல் பண்ணினா என்னங்க எழுதோணும்? இதைச் செய்யத் தெரிஞ்ச ஆளு பாண்டிதான்னு எழுதோணும். லேபிள்ல என்ன இருக்குது? எங்க தாத்தான்னு இருக்குது. கவர்ன்மெண்டுகிட்ட நான் எப்படிங்க பொய் சொல்றது?"

சுமதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"லேபிள்ல இருக்கிறதுதானேண்ணே பொய்யி?" என்றாள் சுமதி.

"பேர் வேண்டாம்னு சொன்னது நீங்கதானுங்களே அம்மிணி," என்றார் அவர். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. மறந்துபோனதை ஞாபகப்படுத்துவதுபோலத்தான் சொன்னார். "இப்ப டிஸ்ட்ரிபியூட்டர் நம்மள நம்பி வர்றாரு. இத்தன நாள் சொன்னத மாத்துனா நம்பிக்கை என்னாகறது?"

"படத்துல இருக்கிறது எங்க தாத்தா," என்றாள் சுமதி. குரல் ஏறிவிட்டது. பாண்டி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

அவர் மேசைமேல் இருந்த பாட்டிலைத் திருப்பி, அந்தப் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "தாத்தாங்க எல்லாரும் ஒரே மாதிரிதானுங்க இருக்கறாங்க," என்றார்.

நான் பேசினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன் என்றுதான் நினைத்தேன். கிளப்ஹவுசில் இவன் தோளில் கை போட்டது ஞாபகம் இல்லையா, பால்கனியில் இருந்த ஜாடிகளைப் பார்க்கவில்லையா என்று என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும், நீங்க அப்ப எங்கீங்க அம்மிணி இருந்தீங்க என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அவருடைய ஞாபகத்தில் நான் இல்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்தது கோபம் இல்லை, பயம். நினைவிலிருந்து ஒருவரை இவ்வளவு சுத்தமாகத் துடைக்க முடிகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் சுமதி காரில் ஏறாமல் நின்று திட்டித் தீர்த்தாள். பாண்டி அவளை அடக்கினான். இன்னும் அவகாசம் இருக்கிறது, அண்ணன் யோசிப்பார் என்றான். அண்ணன் யோசிக்கவில்லை. வேறு எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. வீட்டுச் சாமான்களை இணையத்தில் விற்றார்கள். பனி கொட்டினால் லீவு விடுகிற ஸ்னோ டே இந்தியாவில் ஸ்கூல்ல உண்டா என்று நிலா ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே திரிந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு பெட்டி குளிரியோடு வந்தார், ஏர்போர்ட்டில் கொண்டுபோக முடியாது என்பதுகூடத் தெரியாதவர்போல. காலி வீட்டில் உட்கார நாற்காலி இல்லை. பாண்டி ஒரு சூட்கேஸைத் துடைத்து, அதன்மேல் அவரை உட்காரவைத்தான். ஊர் பற்றி, வெயில் பற்றியெல்லாம் பேசிவிட்டு, கடைசியாக அவர் விஷயத்துக்கு வந்தார். பாண்டி வராமல் ஆட்களே சாறு இறக்கியதில், இரண்டு தடவையாக ஒரு கசப்பு வருகிறதாம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு சாம்பிள் அனுப்ப வேண்டும்.

சொல்லாதே என்று நான் மனதுக்குள் கத்தினேன். சுமதி சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே அவனைத் தடுத்தாள். பாண்டி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கசக்கிறது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் முகமே மாறிவிட்டது. தரையில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். வேரைக் கழுவி, நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டையை உருவிப் போட்டுவிட வேண்டும். முதலில் ஊறிய தண்ணீரை மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிட வேண்டும். கசப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. இரண்டாவது தண்ணீர்தான் சாறு. அது நன்றாக ஆறிய பிறகுதான் கருப்பட்டி சேர வேண்டும். வாசனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதையும் ஒன்று விடாமல் சொன்னான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தலையை மெல்ல ஆட்டினார்.

"எங்க தாத்தாவும் அப்படித்தான் முதல் தண்ணியக் கொட்டீருவாருன்னு சொல்லுவாங்க."

"இருக்கும்ணே," என்றான் பாண்டி.

வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டும் வந்தான். சுமதி அவனிடம் அன்று பேசவில்லை. நான்தான் கேட்டேன், உனக்குச் சூடு சொரணை இல்லையா என்று. அண்ணனுக்கு நாளைக்கே மனசு மாறலாம்க்கா, இப்ப முகத்தை முறிச்சுக்கிட்டா அப்புறம் எப்படி ஃபைல் பண்ணுவாரு என்றான். அவன் நம்பினான். வயிற்றெரிச்சலில் எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

அவர்கள் போனார்கள். நாங்கள் மில்பிடாஸுக்குக் கிளம்புவதற்குமுன் கடைசியாகத் தமிழ்ச் சங்க விழா ஒன்றுக்குப் போனேன். தொழில் முனைவோர் என்று அவரை மேடையேற்றி சால்வை போட்டார்கள். பாட்டிலைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, தாத்தா கதையைச் சொன்னார். இப்போது தாத்தா முதல் தண்ணீரைக் கொட்டினார். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா, முன்னே பாண்டின்னு ஒருத்தர் இதுல இருந்தாரே என்று கேட்டார்.

அவர் தடுமாறவில்லை. முகத்தில் ஒரு பிரியம் வந்தது. அது நடிப்பில்லை, அதை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

"பாண்டி. நம்ம முதல் கஸ்டமருங்க. குளிரின்னா அவருக்கு உசுரு. பாவம், விசாப் பிரச்சனைல ஊருக்குப் போயிட்டாருங்க."

எல்லோரும் பாவப்பட்டார்கள். கைதட்டினார்கள்.

பாண்டி எப்போதாவது போன் செய்வான். மதுரையில் ஒரு ஆய்வகத்தில் வேலை. நிலாவுக்குத் தமிழ் எழுத வரவில்லை, வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். சுமதி யாரோடும் போனில் பேசுவதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் கடைசியாக அவரைப் பற்றி விசாரிப்பான். நான் பேச்சை மாற்றிவிடுவேன். போன வாரம் பேசியபோது எனக்குப் பொறுக்கவில்லை. இவன் இன்னும் எத்தனை காலம் அந்த மனுஷனுக்காகக் காத்துக்கிடப்பான்? ஒரே அடியாக அடித்து, அந்த நினைப்பைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அண்ணே என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாராக்கா?" என்றான்.

"கேக்கல. மேடைல சொன்னார். நீ அவரோட முதல் கஸ்டமராம். குளிரின்னா உனக்கு உசுராம்."

அழட்டும் என்று விட்டேன். திட்டட்டும், இப்போதாவது வாயைத் திறந்து அந்த ஆளை ஒரு வார்த்தை திட்டட்டும் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"பேரச் சொன்னாராக்கா?"

"சொன்னார்."

"மேடைலயா?"

"மேடைலதான்."

அவன் போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துப் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சுமதி, இங்க வாயேன். அண்ணே மேடைல என் பேரச் சொல்லிருக்காரு."